காஞ்சி மன்னர் கேட்ட சீனப் பெயர்ப்பலகை: ஒரு மை ஓவியர் எப்படி உருவாகிறார்?

கி.பி. 720. காஞ்சிபுரத்தில் ராஜசிம்ம பல்லவரின் ஆட்சி நடக்கிறது. கைலாசநாதர் கோயிலைக் கட்டியவர் இவர்தான். அந்த ஆண்டு தென்னிந்திய மன்னரிடமிருந்து சீனப் பேரரசர் சுவான்சோங்கிடம் ஒரு கோரிக்கை போகிறது. சீனாவுக்காக ஒரு கோயில் கட்டியிருக்கிறோம், அதற்கு ஒரு பெயர்ப்பலகை தர வேண்டும் என்பதுதான் அது.

தாங் வம்ச வரலாற்றுப் பதிவில் இந்தச் செய்தி இருக்கிறது. மன்னரின் பெயரை 'ஷிலி நாலோசெங்கியா' என்று சீன ஒலியில் எழுதி வைத்திருக்கிறார்கள். 'ஸ்ரீ நரசிம்ம' என்பது அவர்கள் காதில் அப்படி விழுந்திருக்கிறது. ராஜசிம்மருக்கு இரண்டாம் நரசிம்மவர்மன் என்ற பெயரும் உண்டு. கோயிலுக்கு 'குயிஹுவா' என்ற பெயரைப் பேரரசர் கொடுத்தார். நல்வழிக்குத் திரும்புதல் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அதே ஆண்டில் தன் படைக்கும் ஒரு பெயர் கேட்டு வாங்கியிருக்கிறார் மன்னர்.

சரி, ஒரு போர்டுக்காகவா கடல் தாண்டி ஆள் அனுப்பினார்கள்?

அந்தக் காலச் சீனாவில் பெயர்ப்பலகை என்பது நம் தெருமுனை ஃபிளெக்ஸ் மாதிரி இல்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு எவ்வளவு மதிப்போ, யார் கையால் எழுதப்பட்டது என்பதற்கும் அவ்வளவு மதிப்பு. பேரரசர் சுவான்சோங்கே பெயர் பெற்ற எழுத்துக் கலைஞர். 726-ல் அவர் எழுதிய எழுத்துகள் தாய் மலையின் பாறையில் செதுக்கப்பட்டு இன்றும் இருக்கின்றன. மலையேறிப் போகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

தூரிகையால் எழுதும் இந்தக் கலையும், கறுப்பு மையால் வரையும் ஓவியமும் சீனாவில் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். எழுதத் தெரியாதவர் அங்கே நல்ல மை ஓவியராக மதிக்கப்படுவது அரிது. அப்படி ஒரு கலைஞர் எப்படித் தயாராகிறார்? பத்தே கோட்டில் ஒரு முகத்தை வரைந்துவிட்டு எழுந்து போகிறாரே, அந்தப் பத்துக் கோட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? பார்க்கலாம்.

கோலம் போடுபவர்களுக்கு இது புரியும்

மை ஓவியத்தில் ரப்பர் கிடையாது. எண்ணெய் வண்ண ஓவியத்தில் தப்பாகப் போனால் மேலே இன்னொரு பூச்சு பூசிவிடலாம். சீன மை தாளில் பட்டால் பட்டதுதான். கறுப்பு மை, உறிஞ்சும் தாள், இரண்டும் சேர்ந்து ஒன்றையும் மன்னிப்பதில்லை.

இதற்கு நம் வீட்டு வாசலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கோலம் போடும்போது கை நடுவில் தயங்கினால் அந்த இடத்தில் மாவு குவிந்துவிடும். வேகமாக இழுத்தால் இழை மெலிந்து அறுந்துபோகும். ஒரே சீராக இழுத்தால்தான் கம்பி மாதிரி விழும். பழகிய கையா, புதுக் கையா என்று பக்கத்து வீட்டு அம்மா ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

சீனத் தூரிகையும் அப்படித்தான். தூரிகை நின்ற இடத்தில் மை பரவிப் பொட்டாகிவிடும். வேகம், அழுத்தம், சாய்வு, தூரிகையில் இருந்த ஈரம் எல்லாமே கோட்டில் பதிவாகிவிடும். எழுதியவர் எந்த இடத்தில் யோசித்தார், எங்கே மூச்சு விட்டார் என்பதுகூடத் தெரியும் என்பார்கள். கொஞ்சம் மிகை. ஆனால் ஒரு நல்ல எழுத்தை அருகில் வைத்துப் பார்த்தால், எந்தக் கோடு முதலில் வந்தது, கை எந்தப் பக்கமாகத் திரும்பியது என்று நமக்கே பிடிபடும்.

சந்தனம் இழைப்பது போல...

பயிற்சி தொடங்குவது எழுதுவதில் இல்லை, மை அரைப்பதில். விளக்குக் கரி அல்லது பைன் மரப் புகைக்கரியை விலங்குப் பசையோடு சேர்த்து இறுக்கிச் செய்த மைக்கட்டி ஒன்று. வழவழப்பான கல் ஒன்று. கொஞ்சம் தண்ணீர். கோயிலில் சந்தனம் இழைப்பதைப் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அதே வேலை. அவசரப்பட்டால் மை திரிதிரியாக வரும். இன்று பாட்டில் மை கிடைக்கிறது, பெரும்பாலான மாணவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். ஆனாலும் பழைய ஆசிரியர்கள் அரைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த நேரத்தில் கையும் மனசும் அடங்கும்.

தூரிகை, மை, மைக்கல், தாள். இந்த நான்கையும் படிப்பறையின் நான்கு செல்வங்கள் என்பார்கள் சீனர்கள். தூரிகை ஆட்டு முடியில் இருந்தால் மெத்தென்று நிறைய மை குடிக்கும். மரநாய் இனத்து விலங்கின் முடியில் இருந்தால் விறைப்பாகத் துள்ளும். தாள் விஷயத்தில் ஒரு தகவல். இதை ஆங்கிலத்தில் ரைஸ் பேப்பர் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அரிசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆன்ஹுய் மாகாணத்தில் செய்யும் இந்த 'சுவான்' தாளில் ஒரு வகை மரப்பட்டையும் வைக்கோலும் சேர்கின்றன. இந்தத் தாள் செய்யும் முறையும், சீன எழுத்துக் கலையும் 2009-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.

தாளுக்கு முன்பு? பட்டுதான். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது சுவாரசியமாக இருக்கும். பழைய சீன ஓவியங்களில் பெரும்பகுதி பட்டுத் துணியில் வரையப்பட்டவை. படிகாரமும் பசையும் தடவிய பட்டு மையைச் சட்டென்று உறிஞ்சாது, அதனால் நிதானமாக நுணுக்கமாக வரையலாம். சுவான் தாளோ பட்டவுடன் குடித்துவிடும். மை பரவுவதையே அழகாக மாற்றிய ஓவியப் பாணி வளர்ந்ததற்கு இந்தத் தாள் ஒரு முக்கியக் காரணம்.

கட்டத்துக்குள் அடங்கும் எழுத்து

குழந்தைக்கு முதலில் தருவது கட்டம் போட்ட தாள். ஒவ்வொரு பெரிய கட்டத்துக்குள்ளும் கோடுகள் பிரிந்து இருக்கும். ஒரு வகையில் 9 சிறு கட்டங்கள். இன்னொரு வகையில் கோடுகள் 'அரிசி' என்ற சீன எழுத்தின் வடிவத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். எந்தக் கோடு எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதைக் கண் அளந்து பழகத்தான் இது.

காஞ்சிபுரத்தில் சேலை டிசைன் போடுபவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் வேலையே கட்டத்துக்குள்தான். அன்னம், மயில், யாளி, ருத்ராட்சம், மாங்காய் எதுவானாலும் கிராஃப் பேப்பரில் கட்டம் கட்டமாக நிரப்பினால்தான் அது அட்டையில் துளையாகி, ஜக்கார்டில் ஏறி, தறியில் இழையாக இறங்கும். மயிலின் கழுத்து வளைவு ஒரு கட்டம் தள்ளிப் போனால் சேலையில் கழுத்து உடைந்த மாதிரி தெரியும்.

எழுத்து மாணவர் முதலில் கற்பது 8 வகைக் கோடுகள். புள்ளி, படுக்கைக் கோடு, நிற்கும் கோடு, கொக்கி, மேல்நோக்கிய வீச்சு, இப்படி. இந்த 8-ம் ஒரே எழுத்துக்குள் இருக்கிறது. 'யோங்' என்று அதன் பெயர், என்றென்றும் என்று பொருள். இந்த ஒற்றை எழுத்தையே மாதக்கணக்கில் எழுத வைப்பார்கள்.

உட்காரும் விதமும் பாடம்தான். முதுகு நேராக, தூரிகை செங்குத்தாக, உள்ளங்கை ஒரு முட்டையைப் பிடித்த மாதிரி வெறுமையாக. பெரிய எழுத்துக்கு முழங்கை மேசையைத் தொடக் கூடாது. 4-ம் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் ஷீச்சி, சீன எழுத்துக் கலையின் சிகரமாகக் கொண்டாடப்படுபவர். அவர் தன் சின்ன மகன் எழுதிக்கொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் பின்னால் வந்து தூரிகையைப் பிடுங்கிப் பார்த்தாராம். வரவில்லையாம். பையன் தேறிவிடுவான் என்று அப்போதே சொன்னாராம். கதைதான். ஆனால் இன்றும் வகுப்பில் சொல்லப்படும் கதை.

காப்பி அடித்தால் தப்பில்லையா?

நம் ஊர் காதுக்கு வித்தியாசமாகப் படும் இடம் இதுதான். இந்தப் பயிற்சியில் பல ஆண்டுகளுக்குச் சொந்தமாக எதையும் எழுதவோ வரையவோ எதிர்பார்ப்பதில்லை. பழைய மேதைகளைக் காப்பி எடுப்பதுதான் படிப்பு.

அதிலும் படிகள் இருக்கின்றன. முதலில் மேதையின் எழுத்துக்கு மேல் மெல்லிய தாளை வைத்து அப்படியே தடம் எடுப்பது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மணலில் எழுதியதன் மேலேயே பிள்ளைகள் விரலை ஓட்டினார்களே, அதே முறை. அடுத்து, மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுவது. மூன்றாவது, மூலத்தை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதுவது. எங்கே மறந்தோம், எங்கே நம் கை தன்னிஷ்டத்துக்குப் போனது என்பது மூன்றாவது படியில்தான் தெரியும்.

எந்த வரிசையில் எழுத்து வகைகளைக் கற்பது என்பதும் வரையறுக்கப்பட்டது. முதலில் நிமிர்ந்து நிற்கும் எழுத்து. தெளிவான, ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரியும் வகை. 8-ம் நூற்றாண்டின் யான் ஜென்சிங் போன்றவர்கள் இதற்கு மாதிரி. அது கைவந்த பிறகு, கோடுகள் ஒன்றோடொன்று சேரும் 'நடக்கும்' எழுத்து. கடைசியில், தூரிகை தாளை விட்டு எழாமல் ஓடும் எழுத்து. நிற்காமலே ஓடப் பார்க்கிற மாணவரை எந்த ஆசிரியரும் விடமாட்டார்.

ஜியோங் என்று ஒரு துறவி. வாங் ஷீச்சியின் வம்சாவளியில் வந்தவர். ஆயிரம் எழுத்துகள் கொண்ட ஒரே நூலை 30 ஆண்டுகள் உட்கார்ந்து 800 பிரதி எழுதினார் என்று மரபு சொல்கிறது. தேய்ந்த தூரிகைகளைக் கூடை கூடையாகச் சேர்த்துப் புதைத்தாராம்.

ஹுவாய்சு இன்னொரு துறவி, 8-ம் நூற்றாண்டு. தாள் வாங்கக் காசில்லை. அதனால் வாழைத் தோட்டம் போட்டு, வாழை இலையில் எழுதிப் பழகினார் என்கிறது அவருடைய வரலாறு. நாம் சோறு பரிமாறும் இலையில் அவர் 'ஓடும்' எழுத்தைக் கற்று, அந்த வகையில் சீனாவின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றாக ஆனார்.

ஒரு வேடிக்கை. வாங் ஷீச்சி 353-ல் எழுதிய ஒரு முன்னுரைதான் சீனாவின் தலைசிறந்த கையெழுத்தாகக் கருதப்படுகிறது. அதன் மூலம் இன்று இல்லை. தாங் பேரரசர் தாய்சோங் அதைத் தன் கல்லறைக்குள் கொண்டுபோய்விட்டார் என்பார்கள். 1,300 ஆண்டுகளாக உலகம் பார்த்துப் படித்துக்கொண்டிருப்பது அதன் காப்பிகளைத்தான்.

தச்சர் ஓவியர் ஆன கதை

இந்தப் பயிற்சி ஓர் ஆளை என்ன செய்யும் என்பதற்கு ச்சி பாய்ஷியை விடச் சிறந்த உதாரணம் இல்லை. 2017-ல் அவருடைய 12 நிலக்காட்சி ஓவியங்கள் கொண்ட ஒரு தொகுப்பு பெய்ஜிங்கில் 93 கோடி யுவானுக்கு மேல் ஏலம் போனது. சுமார் 14 கோடி டாலர். அன்றைய நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய 900 கோடி ரூபாய். தலைப்புச் செய்தி ஆனது அந்தத் தொகைதான். ஆள் யார் என்று பலருக்குத் தெரியாது.

1864-ல் ஹுனான் மாகாணத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தாத்தா அடுப்புச் சாம்பலில் இடுக்கியால் எழுதிக் காட்டி முதல் எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தார். பள்ளிக்கூடம் போனது ஓராண்டுகூட இல்லை. உடம்பு பலவீனம், வயல் வேலைக்கு ஆகாது என்று தச்சு வேலைக்கு அனுப்பினார்கள். அதிலும் கனமான உத்தரம் தூக்கும் வேலை முடியவில்லை. கட்டிலிலும் அலமாரியிலும் பூ, பறவை, மனிதர்களைச் செதுக்கும் நுண்வேலைக்கு மாறினார்.

20 வயது வாக்கில், வேலைக்குப் போன ஒரு வீட்டில் பழைய புத்தகம் ஒன்றைப் பார்க்கிறார். கடுகு விதைத் தோட்டம் என்ற பெயரில் 17-ம் நூற்றாண்டில் அச்சான ஓவியப் பாடநூல் அது. மரம் எப்படி, பாறை எப்படி, மூக்கு எப்படி என்று படிப்படியாகக் காட்டும் புத்தகம். இரவல் வாங்கினார். பகலில் தச்சு வேலை, இரவில் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகத் தடம் எடுத்தார். பல மாதங்கள் ஆயின. முழுப் புத்தகமும் அவர் கையால் இன்னொரு புத்தகம் ஆனது. மரத்தில் அவர் செதுக்கிய டிசைன்களும் அதன் பிறகு மாறின.

முறையான ஆசிரியர் கிடைத்தது 27-வது வயதில். ஓவியம், கவிதை, எழுத்து மூன்றும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கல்லில் முத்திரை செதுக்கும் கலையும் அவர் கற்றுக்கொண்டார். எப்படிச் செதுக்கினால் நன்றாக வரும் என்று கேட்டதற்கு ஒரு நண்பர் சொன்ன பதில் பிரபலம். ஒரு சுமை கல் கொண்டு வா. செதுக்கு, தேய்த்து அழி, மறுபடி செதுக்கு. தேய்த்த சேறு பலகாரப் பெட்டிகளில் நிறையும்போது வந்துவிடும். அவர் அதை அப்படியே செய்தார். வீட்டுத் தரையெல்லாம் சேறாகும் அளவுக்கு.

50 வயதைத் தாண்டி பெய்ஜிங்குக்கு வந்தபோது அவர் படங்கள் விற்கவில்லை. மற்றவர்கள் விலையில் பாதிக்குத்தான் போயின. குளிர்ந்த, மெலிந்த பாணி என்று ஒதுக்கினார்கள். அப்போது சென் ஷிசெங் என்ற ஓவியர், யாரைப் போலவும் வரையாதீர்கள், உங்கள் கைப்படி போங்கள் என்று சொன்னார். முப்பது ஆண்டுக்கு மேல் காப்பி எடுத்த கையை அதற்குப் பிறகு சுமார் பத்தாண்டுகள் மாற்றிக்கொண்டார் ச்சி பாய்ஷி. எல்லாரும் ஓய்வெடுக்கும் வயசு அது. 1922-ல் சென் அவருடைய படங்களை டோக்கியோ கண்காட்சிக்குக் கொண்டுபோனார். நல்ல விலைக்கு விற்றுத் தீர்ந்தன. பெய்ஜிங்கும் அப்புறம்தான் திரும்பிப் பார்த்தது. (இந்தக் கதை நமக்கும் பழக்கப்பட்டதுதான்.)

அவர் பாணியைப் புரிந்துகொள்ள இறால்களைப் பாருங்கள். மேசையில் ஒரு கிண்ணத்தில் உயிருள்ள இறால்களை வைத்துப் பல ஆண்டுகள் பார்த்தார். ஆரம்பத்தில் எல்லாக் கால்களையும் வரைந்தார். வயது ஏற ஏறக் கால்களைக் குறைத்துக்கொண்டே வந்தார். உடல் பகுதியின் வளையங்களைக்கூட உண்மையில் இருப்பதைவிடக் குறைத்தார். கால் குறையக் குறைய இறால் இன்னும் உயிரோடு தெரிந்தது. தண்ணீரை அவர் வரையவே இல்லை. வெள்ளைத் தாளே தண்ணீர். ஈரமான சாம்பல் மையில் உடம்பு, அது காய்வதற்குள் தலையில் ஒரு தொடு கறுப்பு, கத்தி மாதிரி மீசைக் கோடுகள். அந்த மீசையை இழுத்தது எழுத்துப் பயிற்சி பெற்ற கை.

இன்னொரு தகவலும் உண்டு. பூச்சிகளை மட்டும் அவர் இறக்கை நரம்பு தெரியும் அளவுக்கு நுணுக்கமாக வரைவார். வயதானால் கண் போய்விடும் என்று, பார்வை நன்றாக இருக்கும்போதே வெற்றுத் தாள்களில் பூச்சிகளை மட்டும் வரைந்து அடுக்கி வைத்திருந்தார். பிற்பாடு தேவைப்படும்போது அதே தாளில் பெரிய தூரிகையால் இலையையும் பூவையும் வீசிச் சேர்த்தார். நுணுக்கப் பாணி, வீச்சுப் பாணி என்று சீன ஓவியத்தில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. இரண்டையும் ஒரே தாளில் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் படங்கள்தான்.

என்னிடம் கற்கிறவர்கள் பிழைப்பார்கள், என்னை மாதிரியே ஆகிறவர்கள் காணாமல் போவார்கள் என்ற பொருளில் மாணவர்களிடம் சொல்வாராம். 1957-ல் இறந்தார்.

போதிதர்மர் ஏன் முறைக்கிறார்?

போதிதர்மர் என்று கூகுளில் தேடுங்கள். உருண்ட கண், அடர்ந்த தாடி, தலையை மூடிய அங்கி. பெரும்பாலும் கறுப்பு மை. 2011-ல் வந்த '7ஆம் அறிவு' படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த முகம். ஆனால் அவர் காலத்தில் வரைந்த படம் எதுவும் இல்லை. இந்த முகமே சீன, ஜப்பான் மை ஓவியர்களின் கற்பனை.

அவர் காஞ்சிக்காரர்தானா? மிகப் பழைய சீனக் குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகப் பக்கத்தவர் என்கிறது. அதற்கடுத்த குறிப்புகள் தென்னிந்தியர், ஓர் அரசரின் மூன்றாவது மகன் என்கின்றன. 1004-ல் தொகுத்த நூலில் 'சியாங்ச்சி' என்று ஒரு நாட்டின் பெயர் வருகிறது. அதைக் காஞ்சி என்று சில ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். பல்லவ இளவரசர் என்பது அதற்கும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. காஞ்சி பெரிய பௌத்த நகரம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. 7-ம் நூற்றாண்டில் யுவான் சுவாங் இந்த ஊரைப் பற்றி எழுதும்போது நூற்றுக்கும் மேற்பட்ட மடங்கள், 10,000 துறவிகள் என்று குறிப்பிட்டிருக்கிறார்.

போதிதர்மர் குகைச் சுவரைப் பார்த்தபடி 9 ஆண்டு தியானம் செய்தார், தூக்கம் வந்ததால் இமைகளையே அறுத்து எறிந்தார் என்பது புராணம். அந்த இமையில்லாத பார்வைதான் ஓவியத்தில் முறைப்பாகத் தெரிகிறது. மை ஓவியர்களுக்கு இவர் ஒரு தேர்வு மாதிரி. அங்கிக்குக் கனத்த ஈரத் தூரிகையில் ஒரே இழுப்பு. முகத்துக்கு மெல்லிய கோடு. கண்ணுக்கு ஒரு புள்ளி. ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

ஜப்பானியத் துறவி ஓவியர் செஷு, சீனாவுக்கே போய்ப் படித்து 1469-ல் ஊர் திரும்பியவர். 77-வது வயதில், 1496-ல், போதிதர்மர் குகையில் உட்கார்ந்திருக்கும் காட்சியை வரைந்தார். அங்கியைச் சுற்றி ஒரே பருமனில் ஒரு சாம்பல் கோடு, அவ்வளவுதான். இன்று அது ஜப்பானின் தேசியப் பொக்கிஷம்.

போதிதர்மரின் மரபில் ஆறாவது குரு ஹுயிநெங். அவர் குத்துக்காலிட்டு மூங்கில் வெட்டும் படம் ஒன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரைந்தவர் லியாங் காய், 13-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன அரசவை ஓவியர். அரசவையின் உயர்ந்த மரியாதையான பொன் பட்டையைச் சுவரில் மாட்டிவிட்டு வேலையை விட்டுப் போனவர். பட்டில் நுணுக்கமாக வரையத் தெரிந்தவர்தான், இதில் ஆணி கீறியது மாதிரி சில கோடுகளோடு நிறுத்தியிருக்கிறார்.

ஹகுயின் கதை வேறு மாதிரி. 1686-ல் பிறந்த ஜப்பானியத் துறவி. இளம் வயதில் எழுத்திலும் ஓவியத்திலும் பெரிய ஆளாக வேண்டும் என்று ஆசை. ஒரு நாள் பொக்கிஷம் மாதிரி பாதுகாத்த ஒரு கையெழுத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். பார்த்தால் கோணல்மாணல். ஆனால் எழுதியவரின் குணத்துக்காக எல்லாரும் அதை வணங்குகிறார்கள். ஹகுயின் திரும்பி வந்து தன் பயிற்சித் தாள்களை எரித்துவிட்டார். அவருடைய போதிதர்மர் படங்களில் பெரும்பாலானவை 60 வயதுக்குப் பிறகு வந்தவை. சில படங்களில் முகம் தாளையே நிரப்பியிருக்கும்.

இந்த மை சென்னைக்கும் வந்தது

1903-ல் ஜப்பானிய ஓவியர்கள் யோகோயாமா தாய்கான், ஹிஷிதா ஷுன்சோ இருவரும் கொல்கத்தா வந்தார்கள். அவர்களிடம் தண்ணீரில் கரைத்த வண்ணத்தை மெல்லப் பரப்பும் முறையைப் பார்த்துத் தன் பாணியை அமைத்துக்கொண்டார் அபனீந்திரநாத் தாகூர். அவருடைய மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929-ல் சென்னை ஓவியக் கல்லூரிக்குத் தலைமை ஏற்றார். மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தவர் என்றால் சட்டென்று புரியும்.

அந்தக் கல்லூரியில் படித்தவர்தான் நாமக்கல்லில் பிறந்த ஸ்ரீனிவாசன். 'சில்பி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்குக் கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களைப் பேனா மையில் வரைந்தார். தூரிகை இல்லை, பாணியும் முற்றிலும் வேறு. சீன ஓவியர் விட்டுவிடும் ஒவ்வொரு மணியையும் மடிப்பையும் இவர் விடாமல் வரைவார். ஆனால் முந்தையவரின் கை வேலை முன்னால் உட்கார்ந்து, கோடு கோடாக அதைத் தன் கைக்குள் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் ஒன்றுதான்.

இப்போது என்ன நிலை?

சீனாவில் இன்று பிரச்சினை வேறு. போனில் ஒலியைத் தட்டினால் எழுத்து தானாக வந்துவிடுகிறது. படித்தவர்களே பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது என்று புலம்புகிறார்கள். இதற்கென்றே நான்கு எழுத்தில் ஒரு சொலவடை இருக்கிறது. 2011 முதல் அங்கே கல்வி அமைச்சகம் 3-ம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு தூரிகை வகுப்பு வேண்டும் என்று வலியுறுத்துகிறது. காலையில் பூங்காக்களில் பெரியவர்கள் நீளத் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துக் கல் தரையில் எழுதுவதைப் பார்க்கலாம். வெயில் ஏறினால் எழுத்து மறைந்துவிடும், மறுநாள் மறுபடி எழுதுவார்கள். தாள் செலவில்லை.

காஞ்சிபுரத்திலும் டிசைன் வேலை பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. பழைய சேலையை ஸ்கேன் செய்தால் மயில் அப்படியே திரையில் வந்துவிடும். நேரம் மிச்சம், தப்பும் குறைவு. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பழைய மயிலைக் கையால் நூறு தடவை கட்டத்தில் நிரப்பியவருக்குத்தான் புது மயிலின் கழுத்தை எங்கே வளைக்கலாம் என்று தெரியும். அந்த நூறு தடவையை இனி யார், எங்கே, எந்தக் கூலிக்குச் செய்வார்கள் என்பதற்கு ஸ்கேனரில் பதில் இல்லை.

அடுத்த முறை கைலாசநாதர் கோயிலுக்குப் போனால் உள் சுற்றில் வரிசையாக இருக்கும் சின்னச் சன்னதிகளைக் கவனியுங்கள். ராஜசிம்மரின் விருதுப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரே பெயரை வேறு வேறு எழுத்து வகைகளில் எழுதியிருக்கிறார்கள், சிலவற்றில் எழுத்தின் முனைகள் கொடி மாதிரி சுருண்டு போகின்றன. மணற்கல் என்பதால் நிறைய அரித்துவிட்டது. வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில் போனால் எழுத்துகள் நன்றாகத் தெரியும்.